நகத்துக்கடியில் ஓர் உளுந்து!

மார்கழி மாசம். விடிகாலை நாலரை மணி. வாசல் தெளிக்க வாளியில் கையை விட்ட ஒருத்தி, “ஐயோ... அம்மா!” என்று அலறினால் தெரு என்ன நினைக்கும்?

பாம்பு என்று நினைக்கும். நினைத்தது.

எதிர்வீட்டுக்காரர் கம்போடு ஓடி வந்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா டார்ச் லைட்டோடு வந்தார். தூக்கக் கலக்கத்தில் என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு வந்தார்.

“எங்கம்மா பாம்பு?”

“பாம்பு இல்லீங்க... தண்ணி.”

“தண்ணியா?”

“ரொம்ப ஜில்லுனு இருந்துது...”

கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. “மார்கழியில தண்ணி ஜில்லுனுதாம்மா இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எல்லோருக்கும் ஜில்லென்று இருக்கிற தண்ணீர் எனக்கு மட்டும் ஊசியாகக் குத்தியது. அதுவும் கை முழுக்க இல்லை. வலது கை மோதிர விரலில், நகத்துக்கடியில், ஒரே ஒரு புள்ளியில்!

இது நடந்தது 2017 மார்கழியில். அந்தப் புள்ளிக்கு ஒரு பெயர் உண்டு என்று எனக்குத் தெரிய இன்னும் ஐந்து வருஷம் ஆயிற்று.

மண்ணும் தண்ணியும்தான் பிழைப்பு

எங்கள் ஊர் விருத்தாசலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் ஒருபக்கம் இருக்க, ஊருக்கு இன்னொரு பெயர் வாங்கிக் கொடுத்தது பீங்கான். அகல் விளக்கு, கொலு பொம்மை, பிள்ளையார், கரன்ட் ஃப்யூஸ் கட்டை என்று பலதும் இங்கே சூளையில் வெந்து வெளியூர் போகும். பீங்கான் தொழிலைப் படிப்பாகச் சொல்லித்தரும் அரசு கல்விக்கூடமே ஊரில் உண்டு.

நான் வேலை பார்த்தது ஒரு சின்ன பொம்மைப் பட்டறையில். களிமண்ணைத் தண்ணீர் விட்டு மோர்க்குழம்பு பதத்துக்குக் கரைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் தோல் மாதிரி கெட்டியாகும். மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை. அந்தப் பொம்மையின் ஓரங்களில் நிற்கும் பிசிறைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவதுதான் என் வேலை. காலை ஒன்பது மணிக்குத் தண்ணீரில் வைத்த கையைச் சாயங்காலம்தான் எடுப்பேன்.

புரிகிறதல்லவா? எந்த விரலுக்குக் குளிர்ச்சி ஆகாதோ, அந்த விரலை நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்!

வலி வந்தால் எப்படி வரும் தெரியுமா? முதலில் நகத்துக்குள் மின்னல் அடித்த மாதிரி ஒரு வெட்டு. அது விரலில் ஏறி, கையில் ஏறி, சில சமயம் தோள் வரை போகும். ஐந்து நிமிஷமோ அரை மணியோ ஆட்டி வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அடங்கிவிடும். வெளியே பார்த்தால் வீக்கம் இல்லை, சீழ் இல்லை, காயம் இல்லை. விரல் பாட்டுக்கு விளம்பரத்துக்குப் போஸ் கொடுக்கிற மாதிரி அழகாக இருக்கும்.

இதுதான் பெரிய கஷ்டம். ரத்தம் வந்தால் நம்புகிற உலகம், வலி என்றால் சாட்சி கேட்கும்.

எலுமிச்சம்பழத்திலிருந்து எக்ஸ்ரே வரை

முதல் வைத்தியம் மாமியாருடையது. “இது நகச்சுத்துடி. எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு விரல்ல சொருகு” என்றார் அத்தை. சொருகினேன். மூன்று நாள் மோதிர விரலில் மஞ்சள் பல்பு எரிகிற மாதிரி திரிந்ததுதான் மிச்சம். அடுத்து மருதாணி. மருதாணி குளிர்ச்சியாயிற்றே... அன்றைக்கு ராத்திரி வீடே தூங்கவில்லை.

பிறகு டாக்டர்கள். பெயர்கள் வேண்டாம், அவரவர் தெரிந்ததைச் செய்தார்கள். ஒருத்தர் கிருமி என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருத்தர் விரலை எக்ஸ்ரே எடுத்து, “எலும்பு நல்லா இருக்கும்மா” என்று சந்தோஷமாகச் சொன்னார். மூன்றாமவர், “பிரச்னை விரல்ல இல்லை, கழுத்துல. நரம்பு அழுந்துது” என்று கழுத்துக்குப் பட்டை போட்டார். நகத்தில் வலிக்கிறது என்று போனவள் கழுத்தில் பட்டையோடு வந்ததைப் பார்த்து என் மகள் சிரித்த சிரிப்பு!

நாலாவது இடத்தில்தான் சிரிப்பு நின்றது. அங்கே விரலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “வீட்ல ஏதாவது பிரச்னையாம்மா? மாமியாரோட ஒத்துப்போகுதா?” என்று கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதித் தந்தார்கள்.

அந்தச் சீட்டு வீட்டுக்குள் வந்ததும் எல்லாம் மாறியது. அதுவரை ‘வலி’ என்று பேசியவர்கள் ‘மனசு’ என்று பேச ஆரம்பித்தார்கள். பாத்திரம் தேய்க்கும்போது வலி வந்தால் அத்தை ஒரு மாதிரி பார்ப்பார். “பாத்திரம் தேய்க்கிறப்ப மட்டும் வர்ற வலியா இருக்கே!” என்று வீட்டுக்காரர் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். பாத்திரம் தேய்க்கிறது பச்சைத் தண்ணீரில்தானே என்று திருப்பிச் சொல்ல அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே நாமாகத்தான் கற்பனை செய்துகொள்கிறோமோ?

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வந்தால் முருகன் விசாரிப்பான் என்பது நம்பிக்கை. நானும் போனேன். ஆனால் யார் மேல் பிராது எழுதுவது? கடன் வாங்கி ஏமாற்றியவன் மேல் எழுதலாம், நிலத்தை வளைத்தவன் மேல் எழுதலாம். என் விரல் மேலேயே எப்படி எழுதுவது? கடைசியில், ‘வலிக்கிறது. யாரும் நம்பவில்லை’ என்று மட்டும் எழுதிக் கட்டினேன்.

2020-ல் பட்டறை வேலையை விட்டேன். அதற்குள் நான் ஒரு ரகசிய வைத்தியம் கண்டுபிடித்திருந்தேன். ராத்திரி எல்லோரும் தூங்கினதும் மகளின் ரப்பர் பேண்டை எடுத்து விரலின் அடியில் இறுக்கிச் சுற்றிக்கொள்வேன். விரல் வெளுத்துவிடும். வலி நின்றுவிடும்! ஐந்து நிமிஷம் கழித்து அவிழ்த்தால் மறுபடி வரும். ‘முழுப் பைத்தியம்’ என்று முடிவு கட்டிவிடுவார்களோ என்று பயந்து இதை யாரிடமும் சொல்லவில்லை.

துணைக்குப் போன நோயாளி

எங்கள் வீட்டுக்காரர் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். 2022 கடைசியில் ஒரு ராத்திரி ஷட்டரை இறக்கும்போது அது அவர் சுண்டு விரல் மேலேயே இறங்கிவிட்டது. எலும்பு முறிவு. புதுச்சேரியில் கைக்கென்றே தனி டாக்டர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர் என்று பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனோம். அவர் நோயாளி. நான் துணை.

டாக்டர் அவர் விரலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, எக்ஸ்ரே படங்களை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். அவர் கையை விடவில்லை. என் கையையே பார்த்தார்.

“ஏம்மா, அந்த மோதிர விரலை மட்டும் ஏன் தூக்கிப் பிடிச்சிருக்கீங்க?”

எனக்கே தெரியாது! ஐந்து வருஷத்தில் அந்த விரல் எதிலும் படாமல் தூக்கிக்கொள்வது பழக்கமாகிப் போயிருந்தது.

“அவளுக்கு அப்பப்ப விரல் வலிக்கும் ஸார். டாக்டருங்க மனசுன்னு சொல்றாங்க” என்று என் சார்பில் பதில் சொன்னார் வீட்டுக்காரர்.

டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: “பச்சைத் தண்ணி பட்டா?”

“உயிர் போகும் ஸார்.”

“எங்கே வலிக்குது? விரலை நீட்டிக் காட்டாதீங்க. ஒரே ஒரு இடத்தைக் காட்ட முடியுமா?”

காட்டினேன். நகத்தின் அடிப்பக்கம், பிறை நிலா மாதிரி வெளுப்பாக இருக்குமே, அதற்குச் சற்று மேலே. டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். “லேசா ஒரு நீலம் தெரியுது பாருங்க” என்றார். ஐந்து வருஷமாக என்னோடு இருந்த நகம். அந்த நீலத்தை நான் பார்த்ததே இல்லை.

பிறகு ஒரு குண்டூசியை எடுத்தார். கூர் பக்கம் இல்லை, தலைப் பக்கம். நகத்தின் மேல் அங்கங்கே மெதுவாக அழுத்தினார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. இன்னும் ஒரு நூல் தள்ளி வைத்தார்...

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“மன்னிச்சுக்கோங்கம்மா. இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று பிரஷர் பார்க்கிற பட்டையை என் மேல்கையில் சுற்றினார். கையை உயரத் தூக்கச் சொல்லிவிட்டுக் காற்றடித்தார். கை மரத்தது. மறுபடி அதே இடத்தில் குண்டூசித் தலையை அழுத்தினார். வலிக்கவே இல்லை! காற்றை இறக்கிவிட்டார். உடனே வலி பாய்ந்து வந்தது.

அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. ரப்பர் பேண்டு ரகசியத்தைச் சொன்னேன்.

டாக்டர் சிரித்தார். “நான் இப்ப செஞ்சதும் அதேதாம்மா. இதுக்கு ஹில்ட்ரெத் சோதனைன்னு பேரு. 1970-ல எழுதினாங்க. குண்டூசி வெச்சுப் பார்த்தது லவ் சோதனை. காதல் இல்லை, அது ஒரு டாக்டர் பேரு! நீங்க வீட்லயே ஒரு சோதனையைப் பாஸ் பண்ணிட்டீங்க.” உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். “ஆனா இனிமே ரப்பர் பேண்டு போடாதீங்க. கட்டிக்கிட்டு அப்படியே தூங்கிட்டா, ரத்தம் ஓடாம விரலே செத்துடும்.”

அப்புறம்தான் என் பிராதுக்குத் தீர்ப்பு வந்தது. “இது மனசு இல்லம்மா. உங்க நகத்துக்கடியில ஒரு சின்ன கட்டி இருக்கு. பேரு குளோமஸ் கட்டி. புற்றுநோய் இல்லை. எடுத்துட்டா சரியாப் போயிடும்.”

நான் அழுதேன். கட்டி இருக்கிறது என்று சொன்னதற்குச் சந்தோஷப்பட்டு அழுத நோயாளியை அவர் பார்த்திருப்பாரோ என்னவோ. பக்கத்தில் வீட்டுக்காரர், கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதகுக்காரர்கள் கூடிப்போனால்...

குளோமஸ் என்றால் என்ன? டாக்டர் விளக்கியதை எங்கள் ஊர் பாஷையில் சொல்கிறேன்.

ஏரித் தண்ணீர் வாய்க்காலில் வந்து, கால்வாய்களில் பிரிந்து, வயலெல்லாம் பாய்ந்து, கடைசியில் வடிகாலில் சேர்கிறது. நம் உடம்பிலும் அப்படித்தான். ரத்தம் தமனியில் வந்து, முடியைவிட மெல்லிய நுண்குழாய்களில் பரவி, சிரையில் சேர்ந்து திரும்புகிறது. ஆனால் விரல் நுனியிலும் நகத்துக்கடியிலும் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வயலுக்குப் போகாமல் வாய்க்காலிலிருந்து நேராக வடிகாலுக்குத் திறக்கும் மதகு மாதிரி. வெயிலுக்கும் குளிருக்கும் தகுந்தபடி இந்த மதகு திறந்து மூடி, தோலுக்குப் போகிற ரத்தத்தைக் கூட்டிக் குறைத்து, உடம்புச் சூட்டைச் சமாளிக்கிறது. இந்தக் குட்டி அமைப்புதான் குளோமஸ். எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கும் உண்டு.

அந்த மதகைச் சுற்றிச் சுருங்கி விரியும் செல்கள் இருக்கின்றன. மதகுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதகுக்கு நாலு பேர் போதும். எப்போதாவது ஓரிடத்தில் அவர்கள் அளவுக்கு மீறிப் பெருகி ஒரு கும்பலாகிவிடுகிறார்கள். அதுதான் குளோமஸ் கட்டி. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும். வேறு இடத்தில் வந்தால் இது ஒரு பொருட்டா? ஆனால் நகத்துக்கும் எலும்புக்கும் நடுவே இடமே கிடையாது. மேலே நகம் என்கிற ஓடு, கீழே எலும்பு என்கிற பாறை, நடுவில் நரம்புகள் நெருக்கியடிக்கிற இடம். அங்கே உளுந்து அளவு ஒன்று முளைத்தால் போதும், லேசாகத் தட்டினாலும் தாண்டவம்தான்!

எங்கள் பழமலைநாதர் கோயிலில் தரைமட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போய்த்தான் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்க முடியும். வெளிப்பிராகாரத்தை மட்டும் சுற்றுகிறவருக்கு அவர் அங்கே இருப்பதே தெரியாது. என் வியாதியும் அப்படி ஆழத்தில் உட்கார்ந்திருந்தது.

இதன் கதை ரொம்பப் பழசு. எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் வுட் என்ற அறுவை மருத்துவர் 1812-லேயே, தோலுக்கடியில் வரும் இப்படிப்பட்ட வலிக்கிற சின்னக் கட்டிகளைப் பற்றி எழுதிவிட்டார். அவை எதனால் ஆனவை என்று சொல்ல இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1924-ல் பிரான்சில் பியர் மாஸோன் என்ற நோய்க்குறியியல் நிபுணர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது குளோமஸிலிருந்து வளர்வது என்று காட்டினார். அவரோடு சேர்ந்து எழுதியவர் பாரே. ‘கீயான்-பாரே’ என்ற நரம்பு வியாதியின் பெயரில் இருக்கிறாரே, அதே பாரே!

கையில் வரும் மென்மையான திசுக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரைதான் குளோமஸ் கட்டி. அதிகம் வருவது நடுவயதுப் பெண்களுக்கு, முக்கியமாக நகத்துக்கடியில். அபூர்வமாக இருப்பதால் பல டாக்டர்கள் நேரில் பார்த்தே இருக்கமாட்டார்கள். அதனால் கண்டுபிடிக்க வருஷக்கணக்காவது என் ஒருத்தி கதை இல்லை. உலகம் முழுக்க இதே கதைதான். இது தெரிந்த பிறகு, கழுத்துக்குப் பட்டை போட்டவர் மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது. தூக்க மாத்திரை கொடுத்தவர் மேல் மட்டும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. தெரியாமல் இருப்பது வேறு, தொட்டுப் பார்க்காமல் இருப்பது வேறு இல்லையா?

முக்கால் மணி நேரம்

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். விரலை மட்டும் எடுப்பதற்கு அவ்வளவு பெரிய மெஷினா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து மில்லிமீட்டரில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. நம் உளுந்துதான்! ஸ்கேனில் பெரும்பாலும் இது தெரிந்துவிடுமாம். ரொம்பச் சின்னதாக இருந்தால் தப்பிவிடவும் கூடும். அப்போது டாக்டரின் குண்டூசிதான் சாட்சி.

2023 ஜனவரியில் ஆபரேஷன். மயக்க மருந்து இல்லை. விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகிற ஊசி போட்டார்கள். அது வலித்தது, பொய் சொல்லமாட்டேன். ஐந்து நிமிஷத்தில் விரல் யாருடையதோ ஆகிவிட்டது. பிறகு ரத்தம் வராமல் இருக்க விரலடியில் ரப்பரால் ஒரு கட்டு. “உங்க ரப்பர் பேண்டு வைத்தியம்தாம்மா!” என்றார் டாக்டர்.

நடுவில் ஒரு பச்சைத் துணி. ‘பார்க்காதீங்க’ என்றார்கள். காது இருக்கிறதே! டாக்டர் பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே செய்தார்.

கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, முதலில் நகத்தை மெதுவாகக் கிளப்பி எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தார்கள். அதன் கீழே இருப்பது நகப்படுக்கை. அதைப் பிடுங்கக் கூடாது, குறுக்கே வெட்டக் கூடாது. நீளவாக்கில் கோடு மாதிரி கீறி, இரண்டு பக்கமும் விலக்க வேண்டும். நகம் ஒழுங்காக வளர வேண்டுமானால் இந்தப் படுக்கை கசங்காமல் இருக்க வேண்டும். கட்டி ஓரமாக இருந்தால் நகத்தை எடுக்காமலே விரலின் பக்கவாட்டில் கீறி உள்ளே போகிற முறையும் உண்டாம். எனக்கு நட்டநடுவில் இருந்ததால் மேல் வழி.

“இதோ” என்றார் டாக்டர். கட்டிக்கு ஓர் உறை மாதிரி இருந்ததால், பட்டாணியைத் தோலிலிருந்து பிதுக்கின மாதிரி முழுசாக வந்துவிட்டது என்றார். துளி மிச்சம் வைத்தாலும் மறுபடி வளரும் என்பதால் சுற்றிலும் தேடிப் பார்த்தார்கள். பிறகு தலைமுடி போன்ற மெல்லிய நூலால் நகப்படுக்கையைத் தைத்தார்கள். தானே கரைகிற நூல். ஊறப்போட்டிருந்த என் நகத்தையே கழுவி மறுபடி மேலே மூடி போல் வைத்துத் தையல் போட்டார்கள். புது நகம் வரும்வரை பழைய நகம் காவல்!

எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம். கேட்டதால் ஒரு சின்னப் பாட்டிலில் காட்டினார்கள். ரோஜா நிறத்தில், லேசாக நீலம் ஓடின ஒரு மணி. இதுவா? எலுமிச்சம்பழம், கழுத்துப் பட்டை, தூக்க மாத்திரை, விட்ட வேலை, கேட்ட பேச்சு... இத்தனைக்கும் காரணம் இத்தனூண்டா?

அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மரப்பு விட்டதும் விண்விண்ணென்று வலித்தது. ஆனால் அது வேறு வலி. வெட்டின இடம் வலிக்கிற, நியாயமான வலி. மாத்திரை போட்டால் கேட்கிற வலி. அந்த மின்னல் மட்டும் இல்லை. அன்றோடு போனதுதான்.

பத்து நாளில் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. குளோமஸ் கட்டி, சாதுவானது என்று இருந்தது. இதில் புற்றாக மாறுவது மிக மிக அபூர்வம். இருந்தாலும் வெட்டி எடுத்த எதையும் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடக்கூடாது என்றார் டாக்டர்.

வலிக்காத கைகளின் ஊர்

தையல் பார்க்கப் போனபோது அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “ஸார், இந்த வலியால யாருக்கு என்ன பிரயோசனம்? கடவுள் எதுக்கு இதை வெச்சார்?”

அவர் டாக்டர் பால் பிராண்டைப் பற்றிச் சொன்னார். நம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர். தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவதற்குப் பெரிய காரணம், நோய் நேராகத் தின்பது இல்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் தங்களை அறியாமல் அழித்துக்கொள்வதுதான் என்று கண்டு சொன்னார். தூங்கும்போது எலி கடித்தால்கூட அவர்களுக்குத் தெரியாது. வலி என்பது யாரும் விரும்பாத பரிசு என்று 1993-ல் புத்தகமே எழுதினார்.

வேலூரிலும், 1970-களிலிருந்து டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்த சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவிலும் கைக்கென்றே தனி வைத்தியம் வளர்ந்தது. கையை மட்டும் பார்க்கிற டாக்டர் என்று ஒருவர் எனக்குக் கிடைத்ததற்கு அப்படிப்பட்டவர்கள் போட்ட பாதைதான் காரணம்.

“உங்க வலி பொய்யான மணி இல்லம்மா. சரியாத்தான் அடிச்சிருக்கு. கேட்கிறவங்கதான் இல்லை” என்றார் டாக்டர்.

உங்கள் வீட்டில் யாராவது...

இதைப் படிக்கிறவர்களில் ஒருவருக்காவது உபயோகப்படலாம் என்று மூன்று விஷயங்களைச் சொல்லிவைக்கிறேன். ஒன்று, குளிர்ந்த தண்ணீரோ ஐஸோ பட்டால் விரல் நுனியில் வெட்டுகிற வலி. இரண்டு, குண்டூசித் தலை அளவு ஒரே இடத்தில் மட்டும் தாங்கமுடியாத வலி. பக்கத்தில் தொட்டால் ஒன்றுமில்லை. மூன்று, திடீர் திடீரென்று வந்து போகிற வலி. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் கை அறுவை நிபுணரையோ எலும்பு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரையோ பார்த்து, ‘இது குளோமஸா இருக்குமா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

நகத்துக்கடியில் வருவதெல்லாம் இதுவே ஆகாது. எலும்பு துருத்திக்கொண்டு வளர்வது உண்டு. அது கால் கட்டைவிரலில் அதிகம். மருவும் நீர்க்கட்டியும் வரும். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே போனாலோ, புண் ஆறாமல் இருந்தாலோ தாமதிக்கவே கூடாது. அது கெட்ட ஜாதிக் கட்டியாக இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட விரல்களில் குளோமஸ் வந்தால், கூடவே பரம்பரை வியாதி ஏதும் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு நகத்தில் வரி விழலாம். சிலருக்குக் கட்டி மறுபடி வரலாம். வலி திரும்பினால் மறுபடி காட்டத்தான் வேண்டும்.

கை நகம் மாசத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். எனக்குப் பழைய நகம் விழுந்து புது நகம் முழுசாக வர ஆறு மாசம் ஆயிற்று. நடுவில் ஒரு சின்ன வரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கினேன். காரியம் முடிந்தால் அதைச் செய்ய வேண்டும். கூட வந்த வீட்டுக்காரர், “என்ன எழுதியிருந்தே?” என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, “‘யாரும் நம்பலை’ன்னா... அதுல நானும்தானே?” என்றார்.

“நீங்கதாங்க முதல் எதிரி” என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

அந்த வருஷம் கார்த்திகைக்கு முன்னால் பட்டறையில் மறுபடி சேர்ந்துவிட்டேன். முதல் நாள் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைக்கும்போது பழக்கதோஷத்தில் மோதிர விரல் தானாகத் தூக்கிக்கொண்டது. மெதுவாக இறக்கிவைத்தேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. வெறும் ஜில்!

மார்கழியில் வாசல் தெளித்தபோது எதிர்வீட்டுக்காரர் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “என்னம்மா, தண்ணி எப்படி இருக்கு?” என்றார்.

“மார்கழியில தண்ணி ஜில்லுனுதான் இருக்கும் ஸார்” என்றேன்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: “கை சரியாயிடுச்சுன்னா, ராத்திரிப் பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்குதே...”

வந்த வழியாகவே ஒரு குரல் அதற்குப் பதில் சொன்னது. “அதை நான் தேய்ச்சுக்கிட்டுதாம்மா இருக்கேன்!”

வீட்டுக்காரர்தான். அவருக்குச் சுண்டு விரல் ஷட்டரில் மாட்டினதிலிருந்து, குளிர் காலத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் அந்த விரல் லேசாக வலிக்கிறதாம். நான் நம்புகிறேன்.